மூலையில் இருந்த கைகள்

அந்த டி.வி. நிலையத்தில் அவளுக்குக் கஞ்சம்மா என்று பட்டப்பெயர். எச்.டி. படத்தைச் சுருக்கி, இருக்கிற பேண்ட்வித்துக்குள் அடக்கி அனுப்புவது அவள் வேலை. ஊருக்குப் போகும்போது குடும்பத்துத் துணியையெல்லாம் ஒரே பெட்டியில் அமுக்கித் திணிப்பதைப் போலத்தான். எதையாவது கசக்காமல் முடியாது.

கசங்கியது அவளுடைய அண்ணன் பார்க்கும் செய்தி. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. திரையின் மூலையில் ஒரு பெண் சைகை மொழியில் செய்தி சொல்வாள். விரல்கள் கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். "அது கையா, கையுறையா?" என்று சைகையில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் டி.வி.யையே அணைத்துவிட்டான். "இனிமே நீயே வந்து சொல்லு, போதும்" என்றான். தன்னைவிட உலகம் தெரிந்த மனிதன் இப்படிச் சொன்னதில் அவளுக்கு மனசே ஆறவில்லை.

குற்றவாளி யாரென்று அவளுக்குத் தெரியும். செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் சதா பறந்துகொண்டிருக்கும் தங்கப் பொறிகள்! அசைகிற எல்லாவற்றுக்கும், படத்தைச் சுருக்குகிற என்கோடர் பங்கு வைத்தாக வேண்டும். அத்தனை பொறியும் தின்றது போக மிச்சம்தான் மூலைக்கு. பொறிகளோ தயாரிப்பாளரின் செல்லப்பிள்ளை.

"கை பளிச்சுனுதானே இருக்கு? உன் கண்ணுலதான் கோளாறு" என்றார் அவர், ஸ்டுடியோ மானிட்டரைக் காட்டி.

அடக் கடவுளே! இத்தனை வருஷமும் இந்த மனிதர் சுருக்குவதற்கு முந்தைய படத்தையல்லவா பார்த்துப் பூரித்திருக்கிறார்!

"சார், ஒரு நிமிஷம் வாங்க" என்று வரவேற்பறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்தது எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி டி.வி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது, விரலையே காணோம்?"

"உங்க பொறி தின்னுடுச்சு சார்."

"அது இல்லேன்னா பின்னாடி மொட்டையா இருக்குமே!"

"இருந்துட்டுப் போகட்டும் சார். எங்க அண்ணனுக்கு அந்த விரல்தான் செய்தி."

அவர் முனகினார். "சரி, நாளைக்கு மட்டும் பார்ப்போம்."

மறுநாள் காலையில் அண்ணனிடம், "இன்னைக்கு மட்டும் போட்டுப் பாரு" என்று கெஞ்சிவிட்டு வேலைக்குப் போனாள். செய்தியில் பின்னால் வெறும் நீலம். வரவேற்பறை டி.வி. முன்னால் நின்று, செய்தி முடியும்வரை மூலையில் இருந்த அந்தக் கைகளையே பார்த்தாள். நகம்கூடத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும், "பார்த்தியா?" என்று கேட்கக் கையைத் தூக்கினாள். அண்ணன் அதைப் பிடித்து இறக்கிவிட்டு, படபடவென்று சைகையில் சொன்னான்: "நாளைக்குப் பாலம் வழியா ஆபீஸ் போகாதே. மூடுறாங்க. டி.வி.யிலேயே வேலை பார்க்கிறே, உனக்கு இதுகூடத் தெரியாதா?"

சத்தியமாகத் தெரியாது. விரல்கள் தெரிந்த சந்தோஷத்தில் அவள் செய்தியைக் காதிலேயே வாங்கவில்லை.

"தெரியாதுண்ணா" என்று கையசைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "முதல்லேருந்து சொல்லு."