நூற்று ஐம்பத்தொன்பது குதிரைகள்

இம்சூன் கைப்பையிலிருந்து அந்த விளம்பரத் தாளை எடுத்தாள். தொடாமல் ஆறிப்போயிருந்த இறைச்சிச் சாற்றைத் தள்ளி வைத்துவிட்டு, தாளை மேசைமேல் விரித்தாள். நான்காக மடித்த மடிப்புகள் வெளுத்துப் போயிருந்தன.

“நீங்க சொன்னது இதுல எங்க இருக்கு? காட்டுங்க.”

போங்கில் சோஜு மதுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். ஊரில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவன். அவள் கணவர் சாங்மோவுக்கு முப்பது வருஷக் கூட்டாளி. சற்றுமுன் பக்கத்து மேசையில், “அந்த வண்டிக்கு இழுக்குற டார்க் பத்தாது. பழைய டீசலா இருந்தா அந்த ஏத்தத்துல நின்னிருக்காது” என்று அவன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்துவிட்டது.

“அண்ணி, நான் ஏதோ குடிச்சிட்டு...”

“காட்டுங்க.”

இழவு மண்டபத்தில் அது இரண்டாம் நாள் பிற்பகல். வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே சாங்மோவின் படம் இருந்தது. ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருந்தார்கள். சீக்கிரம் முடியுங்கள் என்பதுபோல் முகம்.

நடந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நாற்பது மூட்டை உரத்தை ஏற்றிக்கொண்டு, மலைமேல் இருக்கும் முட்டைக்கோஸ் காட்டுக்குக் கிளம்பினார். பத்தே முக்காலுக்குத் தபால்காரர் பார்த்தபோது வண்டி பாதி ஏற்றத்தில் நின்றிருந்தது. பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்திருந்தது. அந்தச் சக்கரத்தில் சாய்ந்தபடி சாங்மோ உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் சாவியும் ஒரு லைட்டரும் இருந்தன. மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். வண்டி இழுக்காமல் நின்றிருக்கும், இறங்கித் தள்ளிப் பார்த்திருப்பார் என்றார்கள் ஊரில்.

அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவள் இம்சூன். நாலு மாதத்துக்கு முன்பு, விற்பனைக் கூடத்தில் ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் நின்றன. டீசலுக்கு நூற்று முப்பத்துமூன்று குதிரைத்திறன். எரிவாயுவில் ஓடும் கேஸ் வண்டிக்கு நூற்று ஐம்பத்தொன்பது. டீசல் புகை அவளுக்கு இருமலைக் கொண்டுவரும். தவிர, பெரிய எண் பெரிய எண்தானே. சாங்மோ இதே தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, “சரி” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

போங்கில் தாளின்மேல் விரலை வைத்தான். “மேல் வரி குதிரைத்திறன். அதுக்குக் கீழ இருக்கே, இதுதான் டார்க். டீசலுக்கு இருபத்தாறு. இதுக்கு இருபத்துமூணு.”

“இதுல மூணுதான கொறச்சல்? மேல இருபத்தாறு குதிரை கூட இருக்கே.”

“மாடும் குதிரையும்னு வச்சுக்குங்க அண்ணி. மாடு நின்ன எடத்துலருந்தே இழுக்கும். குதிரை ஓட ஆரம்பிச்சாத்தான் குதிரை.”

“சித்தப்பா, மாட்டையெல்லாம் இழுக்காதீங்க” என்றான் மகன் தேஹுன். சியோல் நகரில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். துக்கப்பட்டை கட்டிய கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டான். “அம்மா, கிம்ச்சி ஜாடி மூடி இருக்குல்ல, அதைத் திருகுற பலம்தான் டார்க். ஒரு மணி நேரத்துல எத்தனை ஜாடி தெறக்கறோம்கிறது குதிரைத்திறன்.”

இம்சூன் யோசித்தாள். “ஒரு மூடியே தெறக்க வரலன்னா, எத்தனைங்கிற கணக்கு எதுக்கு?”

“அதான் அண்ணி” என்று போங்கில் மேசையைத் தட்டினான்.

“அதில்லம்மா. கியர் எதுக்கு இருக்கு? கீழ் கியர்ல போட்டா, மூடிக்கு நீளமா ஒரு பிடி மாட்டின மாதிரி. அப்புறம் ஆக்ஸிலேட்டரை நல்லா மிதிச்சா கேஸ் வண்டியும் ஏறும். இன்ஜின் கத்தும். ஆனா ஏறும்.”

“மிதிக்கணும்ல? உங்கப்பா மிதிப்பாரா?” என்றான் போங்கில்.

சாங்மோ எந்த இன்ஜினையும் கத்தவிட்டவர் இல்லை. கிளட்சை மெல்ல விட்டால் வண்டி தானே நகரும் என்று முப்பது வருஷம் டீசல் ஓட்டிப் பழகிய கால் அது. வீட்டிலும் அவர் அப்படித்தான்.

இம்சூன் இரண்டு வரிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மாடு, குதிரை, ஜாடி, பிடி. ஒருத்தன் சொல்லும்போது விளங்குவது, அடுத்தவன் சொன்னதும் கலைந்துபோனது. இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் பட்டது. அப்படியானால் குறை வண்டியிலா, காலிலா? வண்டியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. அந்தக் காலைப் பற்றித் தெரியும்.

“வண்டி நின்னுபோச்சா, இல்ல இவரா நிறுத்தினாரா?”

“முழு பாரத்தோட ஏத்தத்துல எவன் அண்ணி வேணும்னு நிறுத்துவான்?”

அடுத்த மேசையருகே தரைமெத்தையில் உட்கார்ந்து அரிசிப் பலகாரத்தைப் பிட்டுக்கொண்டிருந்த நாத்தனார் மல்ஜா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: “எந்தம்பி ரெண்டாவது வரியையும் படிச்சிருப்பான். வாயத் தெறந்து சொல்லத்தான் மாட்டான். நீ கேட்டியா?”

“கேக்கலக்கா” என்றாள் இம்சூன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சவப் பேருந்து மலையடிவாரத்தில் நின்றது. அதற்குமேல் அது போகாது. பாடை தூக்க ஊரில் வாலிபர்கள் இல்லை. கோஸ் காட்டின் தலைமாட்டில் குழி வெட்டியிருந்தார்கள். பெட்டியை இறக்க ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் பதினொரு மணி. போங்கில் தன் டீசல் வண்டியைக் கழுவி, வெள்ளைத் துணி கட்டி நிறுத்தியிருந்தான்.

“இதுல வேணாம். நம்ம வண்டியக் கொண்டாங்க” என்றாள் இம்சூன்.

“ஆளக் கொன்ன வண்டியிலயா ஆள ஏத்தப் போற?” என்றாள் மல்ஜா.

“அது ஏறுமா ஏறாதான்னு எனக்குத் தெரியணும்க்கா.”

போங்கில் குரலைத் தாழ்த்தினான். “அன்னிக்கு எண்ணூறு கிலோ பாரம் அண்ணி. பெட்டி நூறு கிலோகூட வராது. ஏறினாலும் ஒண்ணும் தெரியாது.”

“உர மூட்டையத்தான் இன்னும் யாரும் எறக்கலையே. அதுக்கு மேலயே வைங்க.”

தேஹுன் அம்மாவின் கையைப் பிடிக்க வந்தான். அவள் விலகிக்கொண்டாள். “எப்படியும் உரம் மேல போயித்தான ஆகணும்” என்றாள்.

நாற்பது மூட்டைகளின்மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்துக் கயிறு கட்டினார்கள். போங்கில் ஓட்டினான். நடுவில் தேஹுன், மடியில் அப்பாவின் படம். ஓரத்தில் இம்சூன். மற்றவர்கள் தூரம் விட்டுப் பின்னால் நடந்தார்கள்.

பாதி ஏற்றத்தில், அதே இடத்தில், வழிப்படையலுக்காக வண்டி நின்றது.

“வெறும் ஹேண்ட் பிரேக்க நம்ப முடியாது” என்றான் போங்கில். “அண்ணி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லு குடுங்க. அன்னிக்கு வண்டிய எறக்கும்போது ஓரமாத் தூக்கிப் போட்டேன். அங்கதான் கெடக்கும்.”

அவள் இறங்கினாள். கல் புல்லோரமாகக் கிடந்தது. செங்கல்லைவிடச் சற்றுப் பெரிது. தூக்கும்போது பார்த்தாள்: ஒரு முகம் மட்டும் கறுத்து வழவழத்திருந்தது. டயர் ரப்பர். விரலால் தேய்த்தாள், வரவில்லை. ஒரு நாளில் ஏறுகிற கறுப்பு இல்லை அது.

கல்லைச் சக்கரத்தடியில் அண்டை கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, இரண்டடி தள்ளிப் புல்லில் ஒரு பள்ளம் தெரிந்தது. கல்லின் அதே அளவு, அதே வடிவம். கல் எப்போதும் இருக்கும் இடம். அதற்குள் சிகரெட் துண்டுகள் நிறைந்து கிடந்தன. மேலே இருந்தவை புதியவை. அடியில் இருந்தவை பல பனிக்காலம் பார்த்து, வெளுத்து, மண்ணோடு நைந்திருந்தன.

வண்டி வாங்கி நாலு மாதம். சாங்மோ சிகரெட்டை விட்டு ஏழு வருஷம். அவள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தாள்.

படையலுக்கு அரிசிக் கள் ஊற்றினார்கள். தேஹுன் இரண்டு முறை விழுந்து வணங்கினான். இம்சூன் பள்ளத்தை மறைத்தாற்போல் நின்றிருந்தாள். எல்லாம் முடிந்ததும் போங்கிலைக் கூப்பிட்டாள்.

“தம்பி, சிகரெட் இருக்கா?”

அவன் அவள் காலடியைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான். “அண்ணி, அண்ணன்தான் சொல்லக் கூடாதுன்னு...”

“ஒண்ணு குடுங்க. நெருப்பு இருக்கு.”

கைப்பைக்குள் விளம்பரத் தாளுக்குக் கீழே சாங்மோவின் லைட்டர் இருந்தது. காட்டில் குப்பை கொளுத்த வைத்திருந்தார் என்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது அதை வாங்கி வைத்திருந்தாள். சிகரெட்டை வாயில் வைத்துப் பற்றவைத்தாள். இருமல் வந்தது. குனிந்து, கல்லின்மேல், சக்கரம் படாத ஓரமாக அதை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

“மிதிக்கப் போறேன். பிடிச்சுக்குங்க” என்றான் போங்கில்.

இன்ஜின் கத்தியது. அப்படியொரு கத்தலை அந்த மலையில் யாரும் சாங்மோவின் வண்டியிலிருந்து கேட்டதில்லை. வண்டி நின்ற இடத்தில் ஒரு கணம் நடுங்கியது. பிறகு நகர்ந்தது.

“பாரும்மா, ஏறுது” என்றான் தேஹுன்.

“ம்” என்றாள்.

அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல் சாலை நடுவில் தனியாகக் கிடந்தது. எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்த மல்ஜா அதனருகில் நின்றாள், குனிந்து பார்த்தாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பிறகு மல்ஜா பாவாடையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, கல்லைச் சுற்றிப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சுற்றிப் போனார்கள். காற்றில்லை. புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது.