தேர்டு குரூப்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. போன மாதம், 2009 ஆகஸ்டில், அண்ணன் கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். அப்போது என் பழைய உயிரியல் ரெக்கார்டு நோட்டு கிடைத்தது. கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகள், இலையின் குறுக்குவெட்டு, மனித இதயம். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் பென்சிலில் சின்னதாக ஒரு டிக். ஆசிரியை போட்டது சிவப்பு மை. பென்சில் டிக்குகள் என் தோழி அபியின் அப்பா ராஜவேல் போட்டவை. ‘இது எனக்குப் புரிந்துவிட்டது’ என்று அர்த்தம்.

தன் மகளும் இதையேதான் வகுப்பில் படிக்கிறாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவள் படிக்கவில்லை. கதை அவ்வளவுதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் அவ்வளவோடு நிற்க மறுக்கிறது.

என் பெயர் ஆஃப்ரின். கதையில் நானும் வருகிறேன். வராமலிருக்க இரண்டு முறை முயன்றேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘அரியாங்குப்பத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.’ அடித்துவிட்டேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது கோடையில். மழை எங்கிருந்து வரும்? கதை என்றாலே மழையில் தொடங்குகிற பழக்கம்.

இரண்டாவது: ‘ராஜவேல் மகளின் கனவுகளை நசுக்குகிற கொடூரமான’ – இந்த வாக்கியத்தை முடிக்கவே முடியவில்லை. ராஜவேல் கொடூரமானவராக இருந்திருந்தால் அபிக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவர் மகளை ஒரு நாளும் அதட்டியதில்லை. பரீட்சை நாட்களில் அவளுக்கு முன்னால் எழுந்து, தண்ணீர் சுடவைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

2005-இல் அபி பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்று நாற்பத்தொன்று வாங்கினாள். அன்று சாயங்காலமே ராஜவேல் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலை அவருக்கு. பிறந்தது பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில். திட்டம் என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே வடிவம், நோயாளியின் கட்டில் காலில் தொங்குகிற காய்ச்சல் சார்ட். அதே மாதிரி கட்டம் போட்டார். மேலே 2005 ஜூன் முதல் 2007 மார்ச் வரை மாதங்கள். பக்கவாட்டில் மதிப்பெண். ப்ளஸ் ஒன், ஃபர்ஸ்ட் குரூப், இங்கிலீஷ் மீடியம். ப்ளஸ் டூ, ஆயிரத்து நூறுக்கு மேல். அப்புறம் கவுன்சலிங். அப்புறம் எம்.பி.பி.எஸ். தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் நூற்றுத் தொண்ணூறு நிச்சயம் என்று யாரோ சொல்ல, அதையும் எழுதி, பிறகு கோடு போட்டு அடித்திருந்தார். ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு மேலே மேலே போக வேண்டும்.

“காய்ச்சல்னா கோடு எறங்கணும். இது ஏறணும். அவ்ளோதான் வித்தியாசம்” என்று சொல்லி அவரே சிரித்தார். அபியின் அம்மா சின்னப்பொண்ணு அதைப் படுக்கிற அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். கதவைச் சாத்தும்போதெல்லாம் அபிக்கு எதிரே அது நின்றது.

3

அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்கு வந்து, எங்கள் அரசுப் பெண்கள் பள்ளியில்தான் அபி ப்ளஸ் ஒன் சேர்ந்தாள், நான் இருந்த ஃபர்ஸ்ட் குரூப் வகுப்பிலேயே. பத்து வருடம் தமிழில் படித்தவள். இயற்பியல் மிஸ் வாயைத் திறந்தால், ஒலி கேட்கும், ஒன்றும் உள்ளே போகாது. மற்றவர்கள் தலையாட்டும்போது தானும் தலையாட்டினாள். வெக்டார் என்பது ஏதோ வியாதி என்று முதல் இரண்டு நாள் நினைத்திருந்ததாக என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் டெஸ்டில் ஐம்பதுக்கு ஒன்பது.

அன்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தேர்டு குரூப் வகுப்பு ஜன்னல் ஓரமாக நின்றாள். உள்ளே பொருளாதாரம் நடந்துகொண்டிருந்தது, தமிழில். விலை ஏறினால் வாங்குகிறவர்கள் ஏன் குறைகிறார்கள் என்று மிஸ் கத்தரிக்காயை வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். அபிக்கு அது முழுதாகப் புரிந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒன்று முழுதாகப் புரிந்ததில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

(இந்த இடத்தில் அவளுக்கு ஒரு கனவைக் கொடுத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. வக்கீலாகிற கனவு, பத்திரிகையாளர் ஆகிற கனவு. அப்பாவின் கனவுக்கு எதிராக மகளின் கனவு என்று வைத்தால் கதை நிமிர்ந்து நிற்கும். ஆனால் அபிக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. சொல்வது காதில் விழுந்து புரிகிற ஒரு அறையில் உட்கார வேண்டும். அவள் கேட்டது அதை மட்டும்தான்.)

“அப்பாகிட்ட சொல்லேன்டி” என்றேன்.

“எப்படி சொல்றது? எங்கப்பா வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. நர்ஸம்மாலாம் என்ன ‘டாக்டரம்மா’ன்னு கூப்புடறாங்க.”

குரூப் மாற அந்த மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருந்தது. பெற்றோர் கையெழுத்தோடு தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

4

கடிதம் கொடுக்கப்பட்டது. கீழே ‘ராஜவேல்’ என்று கையெழுத்து இருந்தது.

இந்தக் கதையின் முதல் பிரதியில், அபி நடுங்குகிற கையோடு அதைப் போட்டதாக எழுதினேன். இரண்டாவது பிரதியில், ப்ளஸ் டூ படித்த ஒரு அக்கா போட்டதாக. அப்படி ஒரு அக்காவே கிடையாது.

போட்டது நான். கடிதத்தை எழுதியதும் நான்தான்.

அபியின் பழைய ரேங்க் கார்டைப் பார்த்து நாலு தடவை எழுதிப் பழகி, ஐந்தாவது தடவை கடிதத்தில் போட்டேன். உதவிதான் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது: அந்த ‘ஜ’ அச்சு அசலாக வந்துவிட்டதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. பயம் அபிக்குத்தான். எனக்கு அது ஒரு விளையாட்டு.

5

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அபிக்கு இரண்டு படிப்பு.

முல்லா வீதியில் எங்கள் வீட்டு மாடியில்தான் அவளுடைய வரலாறு, வணிகவியல் புத்தகங்கள் இருந்தன. பள்ளி விட்டதும் அங்கே வந்து பாடம் படிப்பாள். என் அம்மா ஷரீபா டீயும் பொறையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “பொண்ணுங்கன்னா இப்படி படிக்கணும்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். கடைசிப் பத்து நிமிடம் நான் அன்றைய உயிரியலை அபிக்குச் சொல்ல வேண்டும். என் ரெக்கார்டையும் ‘பார்த்து வரைய’ என்று வாங்கிக்கொண்டு ஆறரை பஸ்ஸைப் பிடிப்பாள். ரேங்க் கார்டில் சின்னப்பொண்ணு கையெழுத்துப் போட்டுவிடுவாள். அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. மதிப்பெண்ணை அபி வாயால் சொல்வாள், ராஜவேல் சார்ட்டில் புள்ளி வைப்பார்.

வீட்டில் தினமும் ஒரே கேள்வி.

“இன்னிக்கி என்னா நடத்துனாங்க?”

“இதயம்ப்பா. நாலு அற இருக்குது. மேல ரெண்டு, கீழ ரெண்டு.”

“வால்வு எத்தினி?”

வால்வைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. “நாளிக்கி நடத்துவாங்கப்பா.”

மறுநாள் வந்ததும் வராததுமாக என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “வால்வு சொல்லுடி. எல்லா வால்வும் சொல்லு.”

அவர் சும்மா கேட்கவில்லை என்பதுதான் கொடுமை. பயிற்சி டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து மகளுக்குச் சொல்வார். ஒரு நாள் குப்பையில் போட வைத்திருந்த ஈ.சி.ஜி. தாளில் ஒரு துண்டை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்து, தரையில் விரித்து, “இங்க பாரு, மொதல்ல சின்ன மேடு. மேலறை சுருங்குது. அப்பறம் பெரிய மேடு” என்று விரலால் தடவிக் காட்டினார். அபி தலையாட்டினாள். இயற்பியல் வகுப்பில் ஆட்டிய அதே தலையாட்டல். ஆனால் இந்த முறை அவளுக்கு எல்லாம் புரிந்தது. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

6

2006 டிசம்பர். பொதுத்தேர்வுக்கு அனுப்புகிற படிவம் வந்தது. பெயர், பிறந்த தேதி, பாடங்கள். பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

புதன்கிழமை நான் பேனாவை எடுத்தேன். “நேர்ல வந்துட்டு அவசரமா போயிட்டாருன்னு சொல்லிக்கலாம். குடு.”

“வேணாம் ஆஃப்ரின்” என்றாள். “பரீட்ச எழுதப்போறது நானு. இதுலயாச்சும் எல்லாம் உண்மையா இருக்கட்டும்.”

வியாழக்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கோரிமேடு பஸ் ஏறினாள். பஸ்ஸில் எக்ஸ்ரே உறைகளை மடியில் வைத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ வந்த நோயாளிகள். அவர்களோடு சேர்ந்து இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். திரும்பிப் போகிற பஸ் இரண்டை விட்டாள். மூன்றாவது வந்தபோது ஏறக் காலெடுத்தும் வைத்துவிட்டாள்.

“அபி!”

வெறும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ராஜவேல் ஓடி வந்தார். “யாருக்கு என்ன ஆச்சி? அம்மாவுக்கா?”

“யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா.” படிவத்தை நீட்டினாள். நின்றபடியே சொன்னாள், முதலிலிருந்து கடைசி வரைக்கும். பாதியில் நின்றால் மீதி வராது என்று பயந்து மூச்சுவிடாமல் சொன்னாள்.

ராஜவேல் படிவத்தைப் பார்த்தார். வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், கணக்குப்பதிவியல். ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரல் நகர்ந்தது.

“அப்போ அந்த வால்வுலாம்?”

“ஆஃப்ரின் சொன்னது.”

“சரியாத்தான சொன்னா?”

“சரியாத்தான்ப்பா.”

“மார்க்கு?”

“தேர்டு குரூப்ல கிளாஸ்ல நாந்தான் ரெண்டாவது. உங்ககிட்ட சொன்னதுதான் பொய்.”

ஸ்ட்ரெச்சரின் விளிம்பைத் தேய்த்தார். “எங்கையெழுத்த யாரு போட்டது?”

“நாந்தான்” என்றாள் அபி.

(இதை அவள் என்னிடம் சொன்னது இரண்டு வருடம் கழித்து. நான் கேட்கவே இல்லை.)

உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “அஞ்சு மணிக்கு டூட்டி முடியுது. நீ வூட்டுக்குப் போ.” நாலடி போனவர் திரும்பி வந்தார். “சாப்ட்டியா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். இந்தத் தலையாட்டலில் பொய் இல்லை.

7

மறுநாள் ராஜவேல் பள்ளிக்கு வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். நான் ஆபீஸ் வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

எழுத்தர் கலியபெருமாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சந்தேகமாகப் பழைய ஃபைலைப் புரட்டினார். “சேக்கும்போது ஃபர்ஸ்ட் குரூப்புன்னு இருக்குது. மாத்தச் சொல்லி லெட்டர் குடுத்திருக்கீங்க. ஆனா இந்தக் கையெழுத்தும் அதுவும் கொஞ்சம் வேற மாதிரி தெரியுதே?”

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

ராஜவேல் கண்ணாடியை எடுத்து மாட்டினார். கடிதத்தைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார். அவசரமே இல்லாமல், ரெக்கார்டு நோட்டைப் படிப்பது போலப் பார்த்தார்.

“என்னுதுதான் சார்” என்றார். “ஸ்ட்ரெச்சர் தள்ற கை. ஒரு நாளு மாதிரி ஒரு நாளு எழுத வராது.”

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். ஓடிவிடலாமா என்று தோன்றியது. பக்கத்தில் வந்து நின்றார்.

“உன் எழுத்து ரொம்ப நல்லா இருக்குதும்மா. ரெக்கார்டுல பாத்திருக்கேன்” என்றார். கேட் பக்கம் நடந்தார்.

அவ்வளவுதான். பாராட்டா, தண்டனையா, வெறும் உபசார வார்த்தையா என்று இன்றைக்கு வரைக்கும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். இந்தக் கதையை நான் எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்தைக் கீழே இறக்கி வைக்கத்தான் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

8

என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: அபி ப்ளஸ் டூவில் ஆயிரத்து முப்பத்தாறு வாங்கினாள். இப்போது பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் வருடம். எனக்கு மெடிக்கல் கிடைக்கவில்லை; விலங்கியல் படிக்கிறேன். ராஜவேல் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.

நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனவர், வெள்ளிக்கிழமை வெளுத்த சட்டையோடு பள்ளிக்கு வந்தார். இடையில் அந்த வீட்டில் என்ன நடந்தது?

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) அவர் சார்ட்டைக் கிழித்துப் போடுகிறார். (சினிமா.)

ஆ) புதுத் தாளை எடுத்துத் தேர்டு குரூப்புக்குப் புது சார்ட் போடுகிறார். (அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் நம்ப முடியவில்லை.)

இ) யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார், சின்னப்பொண்ணு சோற்றுத் தட்டோடு பக்கத்தில் – முடிக்கவில்லை.

நேற்று அபியை வீட்டுக்கு வரச் சொல்லி, இதுவரை எழுதியதைக் கொடுத்தேன். மாடியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தாள். இதயப் பாடம் வருகிற இடத்தில் சிரித்தாள். நாலாம் பகுதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கடைசிக்கு வந்ததும் தாள்களை அடுக்கித் தட்டி என்னிடம் கொடுத்தாள்.

“அன்னிக்கி சாயங்காலம் என்னாடி நடந்துது?” என்றேன்.

“சொல்ல மாட்டேன்.”

“கதைக்கு வேணும் அபி.”

“கதைக்குத்தான? நீயே எதனா எழுதிக்க. உனக்குத்தான் நல்லா வருமே.” குரலில் கோபம் இல்லை. “ஆனா அது எங்கப்பா இல்ல. வேற யாரோ ஒரு ராஜவேலு.”

செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இன்னொருவர் பெயரில் ஒரு தடவை எழுதிவிட்டேன். மறுபடியும் கை வரவில்லை. அதனால் அந்தச் சாயங்காலத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அபியிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.