மாலுமி மாமாவின் கயாக்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடல் மேல் ஆசை வந்தது கைப்பேசியில்தான். யாரோ ஒருவன் நீலத் தண்ணீரில் ஒல்லியான கயாக் படகை ஓட்டிப் போகும் வீடியோவைப் பார்த்தார். அடுத்த வாரமே கயாக், கார்பன் துடுப்பு, நீர் புகாத சட்டை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வந்து இறங்கிவிட்டன. நீச்சல் மட்டும் சுமாராகத்தான் வரும். அதைக் கடையில் விற்பதில்லை என்பதால் விட்டுவிட்டார்.

அவருக்குக் குளியலறை டைல்ஸ் வியாபாரம். நான் அங்கே பில் போடுகிறவள். வீட்டில் இடமில்லாததால், ஷோரூமின் நடுவில் இரண்டு வெள்ளைக் கழிப்பறைக் கோப்பைகளின் மேல் கயாக்கைப் படுக்க வைத்திருந்தார். சமையலறைக்கு டைல்ஸ் பார்க்க வந்தவர்களை நிறுத்தி, "கடல்ல முக்கியம் தன்னம்பிக்கைதாங்க" என்று பாடம் எடுப்பார். அதுவரை அந்தப் படகின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. கடையில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் மாலுமி. ஒருநாள் யாரோ வாய் தவறி முகத்துக்கு நேரே கூப்பிட்டுவிட, பாராட்டு என்று நினைத்து நாள் முழுக்கப் பூரித்துப் போயிருந்தார்.

அக்காவுக்குப் பயம்.

"அவரைத் தனியா விடாதடி. அவர் சேர்ந்திருக்கற கயாக் வகுப்புல நீயும் சேர்ந்துக்கோ."

"உன் புருஷன்தானே, நீ போயேன்."

"எனக்குத் தண்ணின்னாலே ஆகாது. நீதான் மீன் மாதிரி நீந்துவ."

இப்படித்தான் நான் போய்ச் சேர்ந்தேன், வேண்டா வெறுப்பாக.

சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, வார இறுதியில் கயாக். முதல் வகுப்பு நீச்சல் குளத்தில். படகு ஓட்ட அல்ல, கவிழ. படகில் உட்கார்ந்ததும் இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பாவாடை மாட்டி, அதன் ஓரத்தை உட்காரும் குழியைச் சுற்றி இழுத்து மூட வேண்டும். தண்ணீர் உள்ளே வராது. ஆனால் கவிழ்ந்தால் நாமும் வெளியே வர முடியாது, முன்னால் தொங்கும் வாரைப் பிடித்து இழுத்தால் ஒழிய. குனி, வாரை இழு, படகைத் தள்ளிக்கொண்டு வெளியே வா. இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும் வரைக்கும் கடல் கிடையாது என்றார் டீச்சர்.

முதல் தடவை என் மூக்கெல்லாம் தண்ணீர். ஐந்தாறு தடவை கவிழ்ந்த பிறகு பழகிவிட்டது.

மாமா குளத்துப் பக்கமே வரவில்லை. "கவுந்து விழறதுக்கா இவ்வளவு விலை குடுத்து வாங்கினேன்? கவுறாம ஓட்டறதுதான் திறமை" என்றார். கடைசி வகுப்பன்று கையில் ஒரு கட்டுடன் வந்து, சுளுக்கு என்று சொல்லிக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார். ஆனால் கடலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். கட்டும் இல்லை, சுளுக்கும் இல்லை. படகின் மூக்கில் நீர் புகாத உறைக்குள் கைப்பேசி ஒன்றைத் திருகி மாட்டியிருந்தார்.

"நீங்க குளத்துல பழகவே இல்லையே" என்றார் டீச்சர்.

"வீட்டுல பழகிட்டேன்."

"வீட்டுலயா? எதுல, வாளியிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். கரையை ஒட்டியே வர வேண்டும், ஓரிடத்திலும் முழங்கால் ஆழத்தைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் டீச்சர் அவரைச் சேர்த்துக்கொண்டார். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் ஆபத்து என்று விளக்கினார். கரையோரம் மேடு காற்றை மறைப்பதால் தண்ணீர் தட்டுப் போலக் கிடக்கும். முனையில் இருக்கிற பாறையைத் தாண்டினால் காற்று பிடித்துக்கொள்ளும், போவது சுலபம், திரும்பி வருவதுதான் பாடு. பிறகு ஒவ்வொருவராகச் சோதித்தார். மாமாவின் ரப்பர் பாவாடையில் வாரைக் காணோம். உள்ளே செருகி வைத்திருந்தார்.

"வீடியோல அசிங்கமா தொங்குது, அதான்."

டீச்சர் அதை வெளியே இழுத்துவிட்டார்.

நாங்கள் ஆறு பேரும் டீச்சரோடு கரையோரமாகப் போனோம். பாறைக்குக் கிட்டே வந்ததும் மாமா வேகம் பிடித்தார். தண்ணீர் தட்டுப் போலத்தானே இருக்கிறது, இந்தப் பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. டீச்சர் விசில் ஊதினார். மாமா துடுப்பைத் தூக்கி, டாட்டா காட்டுவதைப் போல ஆட்டிவிட்டுப் பாறையைத் தாண்டிப் போனார்.

டீச்சர் மற்ற நால்வரையும் அங்கேயே கரையேற்றினார். "வா, எனக்குப் பக்கத்துலயே இரு" என்றார் என்னிடம்.

பாறையைத் தாண்டியதும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. சின்னச் சின்ன அலைகள், வெள்ளை நுரை. மாமா அதற்குள் வெகுதூரம் போயிருந்தார். போனது அவரல்ல, காற்று கொண்டுபோயிருந்தது. திரும்பி வரப் பார்த்தார். படகு பக்கவாட்டில் திரும்பியதும் ஒரு அலை தூக்கியது. பயத்தில் அலைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தார். படகு குப்புறக் கவிழ்ந்தது.

அவர் வெளியே வரவில்லை. படகின் அடிப்பாகம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வாரை மறுபடியும் உள்ளே செருகியிருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதெல்லாம் நினைவில் இல்லை. அக்காவிடம் என்ன சொல்வேன் என்பதுதான்.

நல்லவேளை, பாவாடையின் பின்பக்கத்தையும் சரியாக மாட்டியிருக்கவில்லை. உதைத்த உதையில் அது கழன்று, தலை மேலே வந்தது. வந்ததும் செய்த முதல் காரியம், படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தியதுதான்.

"படகை விடாதீங்க! படகைப் பிடிங்க!" என்று கத்தினேன்.

அவர் என் படகைப் பிடித்தார், அதுவும் பக்கவாட்டில், முழு பாரத்தோடு. நானும் கவிழப் பார்த்தேன். துடுப்பால் அவர் விரல்களில் ஒரு தட்டுத் தட்டினேன். "முன்னாடி போங்க! படகு மூக்கைக் கட்டிப் பிடிங்க!" வாழ்க்கையில் முதன்முறையாக நான் சொன்னதைக் கேட்டார்.

காற்றில் ஓடிய மாமாவின் படகை டீச்சர் மடக்கிப் பிடித்து, அதன் மூக்கைத் தன் மடிக்குக் குறுக்கே ஏற்றித் தண்ணீரை வடித்து நிமிர்த்தினார். "வயித்தால படுத்து ஏறுங்க. காலைக் குழிக்குள்ள விட்டுட்டுத் திரும்புங்க. எழுந்து நிக்காதீங்க!" மூன்றாவது தடவைதான் ஏற முடிந்தது. கயிறு கட்டி, நேரே கரைக்கு இழுக்காமல் பாறையின் மறைப்பைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் மாமா உப்புத்தண்ணீரை வாந்தி எடுத்தார். கரையில் டீச்சர் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, "குளத்துக்கு வாங்க. இல்லன்னா படகை வித்துருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று மாலையே வீடியோ வெளியாகிவிட்டது. தலைப்பு, 'நடுக்கடலில் புயல்!' கவிழ்ந்ததற்கு அப்புறம் எல்லாம் வெட்டப்பட்டிருந்தது. கடையில் ஒவ்வொருவரையும் நிறுத்திக் காட்டினார். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையில என்னடி நடந்துச்சு?"

சொன்னேன். அவள் வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். அன்னிலேர்ந்து குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போடறதில்ல. என்னை வெளியில நிக்கச் சொல்றார்."

ஒரு நிமிடம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம் கூடத்திலிருந்து, "அலை ரெண்டு ஆள் உயரம் இருக்கும்" என்ற குரல் கேட்டது. பாவம் போய்விட்டது.

அக்காவின் தொல்லை தாங்காமல் அடுத்த சனிக்கிழமை குளத்துக்கு வந்தார். தன் படகில் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தில் நின்று, "நான் பிடிச்சுக்கிட்டேதான் இருப்பேன், கவுருங்க" என்றார். மாமாவின் முகம் வெளுத்தது. குளோரின் ஒத்துக்கொள்ளவில்லை என்று இறங்கி, துண்டைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார்.

படகு சும்மா கிடந்தது. நான் ஏறி உட்கார்ந்து கவிழ்ந்தேன். குனிந்து, வாரை இழுத்து, வெளியே வந்தேன். தலையைத் தூக்கினால், குளத்துக் காவலாளியிடம் மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார்: "என் மச்சினிச்சிதான். நான்தான் ட்ரெயினிங் குடுக்கறேன். இன்னும் கொஞ்சம் பதட்டம் இருக்கு, போகப் போக சரியாயிடும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். தண்ணீரை வடித்துவிட்டுப் படகில் ஏறினேன். தண்ணீருக்குள் தலைகீழாக இருக்கும்போது மாமாவின் குரல் கேட்பதில்லை. மறுபடியும் கவிழ்ந்தேன்.