பொட்டலில் விழுந்த ஒன்பது நிழல்கள்

சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கொட்டகைகளுக்குப் பின்னால் கிடக்கும் பொட்டலில், சித்திரை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு மணிக்கூண்டின் நிழல் விழுந்தது. மணிக்கூண்டு அங்கே இல்லை. உச்சியில் கூம்பும் நடுவில் கடிகார வட்டமுமாக நூற்றியிருபது அடி நீளத்துக்கு, கருவேலஞ்செடிகள் மேலும் உடைந்த செங்கல் மேலும் அது கிடந்தது. முதலில் ஆடுகள் வந்து அதற்குள் வரிசையாகப் படுத்தன. அடுத்துத் தறியிலிருந்து டீ குடிக்க வந்த பெண்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்தார்கள். அன்றைக்கு வெயில் நூற்றி நான்கு டிகிரி. எங்கேயிருந்து வந்தாய் என்று நிழலைப் பார்த்துக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தியான வேல்விழி, தன் புருஷன் மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டு, இப்படி ஒன்று விழுந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையில் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தவன் பென்சிலைக் காதில் செருகியபடியே வந்தான். நிழலின் உச்சிக்குச் சற்றுக் கீழே, இடது ஓரத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. இடிதாங்கியைத் தாங்குவதற்காக அவன் கையாலேயே துளை போட்டு மாட்டிய கம்பி அது. மாரிச்செல்வம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் மேலநீலிதநல்லூர்க்காரன். பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கடல் தாண்டி ஒரு பழைய நகரத்துக்குப் படம் வரைகிற வேலைக்குப் போய் ஏழு வருஷம் இருந்தவன். அந்த நகரத்தின் நடுவில் எண்ணூறு வருஷத்துக் கட்டடங்கள் பதின்மூன்று இருந்தன. அவற்றை அளந்து, வரைந்து, பழுது பார்க்கிற அலுவலகத்துக்கு மஹ்பூபா என்ற அம்மாள் தலைவி. ஐம்பத்தைந்து வயது, கால் அங்குலம் தப்பினாலும் தாளைத் திருப்பி வீசுகிற கோபம், மதியம் ஆனால் அந்தத் தாளை வரைந்தவனையே கூப்பிட்டுத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுக்கிற சுபாவம். படை நெருங்குகிறது என்று தெரிந்த குளிர்காலத்தில் அவர்கள் சித்திரக் கதவுகளுக்கு முன்னால் மணல்மூட்டை அடுக்கினார்கள், வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றி வைக்கோலில் பொதிந்து நிலவறையில் இறக்கினார்கள், பூவேலைச் சுவர்களைக் களிமண்ணால் பூசி மறைத்தார்கள். கடைசியாக, நீலமும் வெள்ளையுமான கேடயச் சின்னத்தை ஒவ்வொரு கூரையிலும் பெரிதாகத் தீட்டினார்கள். அது தெரிகிற கட்டடத்தை எந்தப் படையும் சுடக்கூடாது என்று நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. பதின்மூன்று கூரையிலும் ஏறித் தீட்டியவன் மாரிச்செல்வம்தான். மறுநாள் மஹ்பூபா அவனைக் கடைசிப் பேருந்தில் ஏற்றிவிட்டாள். நீ இங்கே நின்றால் நான் காப்பாற்ற வேண்டியவற்றில் இன்னும் ஒன்று கூடும், அவ்வளவுதான், போ என்றாள். பேருந்து மலை ஏறித் திரும்பியபோது அவன் ஊரைப் பார்த்தான். மண்நிறக் கூரைகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. பதின்மூன்று மட்டும் நீலமாகத் தெரிந்தன. குறி பார்க்கிறவனுக்கு வசதியாக நான்தான் பொட்டு வைத்துவிட்டு வந்தேனோ என்று அப்போது பிடித்த எண்ணம், சங்கரன்கோவில் வந்து இரண்டு வருஷம் ஆகியும் அவனை விடவில்லை.

பொட்டலில் உட்கார்ந்தபடியே அவன் மஹ்பூபாவுக்குச் செய்தி அனுப்பினான். பதில் சாயங்காலம் வந்தது. அவர்கள் நேரப்படி காலை எட்டு மணிக்கு மணிக்கூண்டு விழுந்துவிட்டது, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாள். அவன் உள்ளதைச் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை. நிழலாவது ஒரு பத்திரமான ஊருக்குப் போய்ச் சேர்ந்ததே என்றுதான் எழுதினாள்.

நிழல் தன் ஊர்ச் சூரியனையே பின்பற்றியது. இங்கே உச்சி வெயிலில் எல்லார் நிழலும் காலடியில் சுருண்டு கிடக்கும்போது அது மட்டும் நீட்டிப் படுத்திருக்கும். இங்கே பொழுது அடைந்து தெருவிளக்கு எரிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம், இருட்டைவிடக் கொஞ்சம் கறுப்பாக, போகாமல் கிடக்கும். ஆனி மாதம் வெந்நீர்க் குளியல் மண்டபத்தின் குவிமாடம் வந்தது. ஆடித்தபசுக்கு முந்தின நாள் கடைவீதியின் வளைவுகள் வந்தன. வாசுதேவநல்லூரிலிருந்தும் இளையரசனேந்தலிலிருந்தும் தபசு பார்க்க வந்த சனம் முழுக்க, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அந்த வளைவுகளுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. ஊருக்கு அது நிழல். மாரிச்செல்வத்துக்கு ஒவ்வொன்றும் சாவுச் செய்தி. காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் பொட்டலுக்குப் போய், புதிதாக எதுவும் வரவில்லை என்று கண்டபிறகுதான் அவனுக்கு மூச்சு வரும். நிலவறையில் பதுங்கிக் கிடந்த மஹ்பூபாவுக்கு மேலே எது விழுந்தது என்று பல நாள் தெரியாது. அவனிடம்தான் கேட்பாள்.

ஐந்தாவது நிழல் வந்த வாரம், அலுவலகம் எரிந்துபோய் எல்லா வரைபடங்களும் சாம்பலாகிவிட்டன என்று எழுதினாள். அடுத்த வரியில், அளந்து வை என்று எழுதியிருந்தாள்.

நிழலை அளந்து கட்டடத்தைக் கண்டுபிடிக்க முடியும். மணிக்கொரு தரம் நிழலின் ஓரத்தில் முளை அடித்து, அந்த நேரத்தில் அந்த ஊரில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டால் சுவரின் உயரம், ஜன்னலின் அகலம், தூணின் பருமன் எல்லாம் வரும். மாரிச்செல்வம் தறி நூலைக் கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவி அளந்தான். வாரக்கணக்கில் அளந்தான். அப்போதுதான் பொட்டலுக்குச் சொந்தக்காரரான ஆவுடையப்பன் வந்தார்.

"என்னவே, என் எடத்துல முளை அடிக்கீரு? அடுத்த மாசம் இங்கன கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவார வானம் தோண்டப் போறேன்."

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. மேல கூரை போட்டுட்டா நிழல் ஒடஞ்சிரும். அளக்க முடியாது."

"நிழலுக்கு ஏதுவே பட்டா?"

மாரிச்செல்வம் அவரைக் கடைவீதியின் நிழலுக்குக் கூட்டிப்போனான். வளைவுகளுக்கு மேலே, மொட்டை மாடியில் ஒரு கொடி கட்டியிருந்தது. கொடியில் இரண்டு பாவாடை, ஒரு சின்னச் சட்டை, ஒரு துண்டு. இல்லாத காற்றில் அவை ஆடிக்கொண்டிருந்தன. ஆவுடையப்பன் குனிந்து அந்தச் சட்டையின் நிழலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"துணியக்கூட எடுக்காம போயிட்டாவளேவே," என்றார். நிமிர்ந்து, "அளந்து முடிச்சிரும்வே. அம்பது வருசமா இந்த மண்டபம் இல்லாம ஊர்ல கல்யாணம் நடக்கலியா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாவதாக நூலகம் வந்தது. அது வந்தது ஐப்பசியில், மழை ஓய்ந்த ஒரு புதன்கிழமை. நூலகத்தின் நிழல் அகலமானது. பொட்டலில் பாதியை அடைத்தது. அதன் கூரை விளிம்பில் ஒரு பெண்ணின் நிழல் நின்றது. தலையில் முக்காடு, ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் நீளமான தூரிகை. மழையில் மங்கிய சின்னத்தைத் திரும்பத் தீட்ட அவள் ஏறியிருந்தாள். மாரிச்செல்வம் மஹ்பூபாவுக்குப் போன் போட்டான். மணி அடிக்கவே இல்லை. மறுநாளும் போட்டான். பிறகு போனைப் பையில் வைத்துவிட்டு முளைகளையெல்லாம் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் போட்டான்.

ஒரு மாதம் அவன் பொட்டல் பக்கம் போகவில்லை. வீட்டு பிளான் வரைந்தான், சாப்பிட்டான், சுவரைப் பார்த்துப் படுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேல்விழி முளைகளைச் சாக்கில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எந்திரிங்க. டேப்ப நான் பிடிக்கேன்."

"என்னால அவங்கள அளக்க முடியாது, ஏட்டி."

"அவங்கள யாரு அளக்கச் சொன்னா? அவங்க நிக்காவள்லா, அந்தச் செவத்த அளங்க."

"அந்தச் சின்னத்த மொதல்ல தீட்டுனது நான். அது இல்லாட்டி அவங்க மேல ஏறியிருக்கவே மாட்டாங்க."

"ஏறுனது அவங்க இஷ்டம். ஒங்களக் கேட்டா ஏறுனாங்க? அம்புட்டுக் குண்டு விழுற எடத்துல ஒரு பொம்பள பிரஷ்ஷத் தூக்கிக்கிட்டு நின்னது, நீங்க இங்கன செவரப் பாத்துப் படுத்துக் கெடக்கதுக்கா?"

அவன் எழுந்தான். அன்றிலிருந்து தறிக்குப் போகாத நாளெல்லாம் அவள் டேப் பிடித்தாள். அளக்கும்போது மஹ்பூபாவின் நிழலை இருவரும் மிதிக்கவில்லை, சுற்றிப் போனார்கள். அதைப் பார்த்துத் தறிப் பெண்களும் சுற்றிப் போனார்கள். ஆடுகளும் அந்த இடத்தில் மட்டும் படுப்பதில்லை என்று சொல்வார்கள்.

போர் நான்காவது வருஷம் நின்றது. யார் ஜெயித்தார்கள் என்று இங்கே யாரும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. புது அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மஹ்பூபா தன் கடைசிக் குறிப்பில், அளவுகள் எல்லாம் சங்கரன்கோவில் என்ற ஊரில் இருக்கின்றன என்று எழுதி வைத்திருந்தாளாம். பதின்மூன்றில் நான்கு நிற்கின்றன என்றும் கடிதத்தில் இருந்தது. நின்ற நான்கின் மேலும் அவன் தீட்டிய சின்னம் இருந்தது. விழுந்த ஒன்பதின் மேலும் இருந்தது. அதை எந்தப் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாலும் கூரையில் பொட்டு வைத்தது தப்பா என்று அவன் கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை. அவன் வரைபடங்களை அனுப்பத் தொடங்கினான்.

அடுத்த தை மாதம் மணிக்கூண்டின் நிழல் காணாமல்போனது. அங்கே அன்றைக்குக் கூம்பு ஏற்றினார்கள். பிறகு குவிமாடம் போனது. வளைவுகள் போனபோது தறிப் பெண்கள், இனி டீயை எங்கே உட்கார்ந்து குடிப்பது என்று மாரிச்செல்வத்திடம் சண்டைக்கு வந்தார்கள். எட்டும் போயின. நூலகத்தின் படத்தை மட்டும் அவன் அனுப்பவில்லை. நூலகம் எழுந்துவிட்டால் மஹ்பூபா நிற்க இங்கே எதுவும் இருக்காது. தாள் மேசை மேல் நாற்பது நாள் கிடந்தது. வேல்விழி அதைத் தினமும் தூசி தட்டிவைத்தாள். நாற்பத்தோராம் நாள், வடக்குச் சுவரில் கால் அங்குலம் பிசகியிருப்பது அவன் கண்ணில் பட்டது. சரி செய்தான். மஹ்பூபா வீசி எறிய முடியாதபடி இன்னொருமுறை சரிபார்த்து, அன்றே அனுப்பினான்.

நூலகம் ஒரு வருஷத்தில் எழுந்தது. அதன் நிழல் ஒரு திங்கட்கிழமை காலை இங்கிருந்து போனது. மஹ்பூபா போகவில்லை. கட்டடத்துக்கு வரைபடம் இருந்தது, திரும்பக் கட்டினார்கள். வெட்டவெளியில், எதன் மேலும் நிற்காமல், வாளியும் தூரிகையுமாக அவள் நிழல் மட்டும் காலையில் மேற்கே தொடங்கி வடக்கே வளைந்து கிழக்கே போய் அடைகிறது. ஆவுடையப்பன் மண்டபத்தைக் கட்டிவிட்டார். அவள் சுற்றி வருகிற பிறைவடிவ நிலத்தில் மட்டும் கூரை போடவில்லை, சிமெண்டும் பூசவில்லை. முகூர்த்த நாட்களில் அங்கே பந்திக்கு இலை போடுவதில்லை. போன ஆவணியில் வாசுதேவநல்லூரிலிருந்து வந்த பெண்வீட்டார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது யாருடைய நிழல் என்று சமையல்காரரிடம் கேட்டார்.

"வெளியூர்க்கார அம்மா," என்றார் அவர், சாம்பாரைக் கிண்டியபடியே. "வேலையா நிக்காவ. கொஞ்சம் தள்ளிப் போங்க."