முந்தைய இழப்பு: ஒன்று

லாயிட் வீட்டில் மீன் செத்தால்கூட முழுசாகச் சாகாது. மூன்று எழுத்தில்தான் சாகும். கொளத்தூரிலிருந்து பஸ் பார்சலில் தெர்மாகோல் பெட்டி வரும். பிரித்தால், பைக்குள் ஒன்றிரண்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். லாயிட் உடனே படம் எடுத்து மீன் வளர்க்கிறவர்களின் குழுவில் போட்டு, கீழே 'டி.ஓ.ஏ.' என்று எழுதிவிடுவான். வந்து சேரும்போதே செத்தது என்று பொருள். "செத்துப்போச்சுன்னு வாயத் தொறந்து சொன்னா என்ன லாயிட், வரியா போடுவாங்க?" என்று அவன் மனைவி ஐரின் கேட்பாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

பெங்களூர் மர்பி டவுனில் ஒரு மாடிப் போர்ஷன். கூடத்தில் பாதியை நாலடித் தொட்டி ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. லாயிட் பீன்யாவில் பம்ப் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். நாள் முழுக்க அளவு பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அளவுதான். கண்ணாடித் தொட்டிக்குள் செடியும் மீனும் வளர்க்கிறவர்களுக்கென்று பெங்களூரில் ஓர் ஆன்லைன் குழு இருந்தது, எண்ணூறு பேர். ஊரே டேங்கர் லாரிக்குக் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற அந்தக் கோடையிலும், ஞாயிறு தவறாமல் தொட்டியின் பாதித் தண்ணீரைக் கொட்டிப் புதுசு மாற்றிவிட்டு 'டபிள்யூ.சி. முடிந்தது' என்று எழுதிய புண்ணியவான்கள். கடைக்கு ஒரு சுருக்கம், பாசிக்கு ஒரு சுருக்கம், நோய் கண்ட மீனைப் பிரித்து வைக்கிற சின்னத் தொட்டிக்கு 'க்யூ.டி.' என்று இன்னொன்று. தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. இங்கிலீஷ் என்று சொன்னால் இங்கிலீஷ்காரனே கோபித்துக்கொள்வான்.

குழுவுக்குத் தலைவர் சேஷகிரி. பசவனகுடிக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்கிறவன் முதலில் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். தொட்டி எவ்வளவு, லைவ்ஸ்டாக், அதாவது உள்ளே இருக்கும் உயிர்கள், எத்தனை, அறிகுறி என்ன, முந்தைய இழப்பு எத்தனை, எல்லாம் வரிசையாக. ஒருமுறை யாரோ ஒரு பெண் 'ஐயோ என் மீன் சாகிறது, யாராவது சொல்லுங்களேன்' என்று எழுதிவிட்டாள். 'ஃபார்ம் ப்ளீஸ்' என்றார் சேஷகிரி. அவள் நிரப்பி முடிப்பதற்குள் மீன் போய்விட்டது. 'நல்ல ஃபார்மட்' என்று பாராட்டினார். இதை லாயிட் பெருமையாகச் சொன்னான். மீனை இன்னொருவருக்குக் கைமாற்றினால், அது எப்படித் தின்னும், எங்கே ஒதுங்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதும் அந்தக் குழுவின் வழக்கம்.

புது மீன் வந்தால் லாயிட் பையைத் திறக்காமல் அப்படியே தொட்டியில் மிதக்க விடுவான். முக்கால் மணி நேரம். முன்னாடி திறந்தால் அதிர்ச்சியில் செத்துவிடுமாம். ஐரின் சும்மா இருக்க மாட்டாமல் விரலால் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுவாள். "தட்டாத, ஐரின். ஸ்ட்ரெஸ் ஆகும்" என்பான்.

பிப்ரவரியில் ஐரினுக்கு எட்டாம் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை குழந்தை அசையவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் பிறந்தது, பெண். ஒரு துணியில் சுற்றி ஐரின் கையில் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். மூக்கு அப்படியே லாயிட் மூக்கு. மிரியம் என்று பெயர் வைக்க இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்திருந்தார்கள். நர்ஸ் வந்து, எழுதிக்கொள்ள வேண்டும், பெயர் ஏதாவது உண்டா என்று கேட்டாள். ஐரின் லாயிடைப் பார்த்தாள். லாயிட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹோசூர் ரோடு கல்லறையில் சின்னப் பெட்டியை அவன்தான் சுமந்து போய் வைத்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினான். அன்று முதல் அந்தப் பெயரை அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஐரின் ஆறுதல் கேட்கவில்லை, அழச் சொல்லவில்லை. அவன் வாயால் மகளை ஒரே ஒரு முறை பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அது கிடைத்தால் எழுந்து குளித்துச் சாப்பிடலாம் என்று தோன்றியது, இல்லையென்றால் எதற்கு எழுவது என்றும் தோன்றியது.

பேச்சு அவனிடம் குறைந்துகொண்டே போனது. முதலில் வாக்கியங்கள் போயின, பிறகு வார்த்தைகள். 'டெம்ப்?' என்பான், அவள் நெற்றியைத் தொட்டுவிட்டு. 'ஃபீடிங்?' என்பான், தட்டைப் பார்த்துவிட்டு. அவள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த சந்தில் உட்கார்ந்தே கிடந்தாள்.

ஈஸ்டர் கழிந்த வாரம் அவன் திடீரென்று கவனிக்க ஆரம்பித்தான். அவளைப் பின்பக்கத்துச் சின்ன அறைக்கு மாற்றினான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தான், பல்பைக் கழற்றினான். மூன்று நாள் இருட்டு. சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. இரண்டு நாள் கஞ்சித் தண்ணீர் மட்டும், அப்புறம் வேளைக்கு இரண்டு ஸ்பூன் சாதம். தட்டைப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவான். குளிக்கிற வாளியில் கல்லுப்பு கிடந்தது. திருஷ்டிக்குப் போலிருக்கிறது, பாவம், அவனுக்குத் தெரிந்த மாதிரி பார்த்துக்கொள்கிறான் என்று ஐரின் நினைத்தாள். அவளுக்கு அழுகைகூட வந்தது.

அல்சூரிலிருந்து அக்கா டோரீன் ஃபோன் செய்தாள். "என்னடி இது, பத்து நாளைக்கு யாரும் வரக்கூடாதுன்னு உன் புருஷன் மெசேஜ் போட்டிருக்கான்? நான் என்ன வேத்து மனுஷியா?"

"ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்லிருப்பான்க்கா. நீ தப்பா எடுத்துக்காத" என்றாள் ஐரின். மறுநாள் ஃபோன் சார்ஜரைக் காணவில்லை. ஃபோன் அணைந்து போயிற்று.

புதன்கிழமை சேஷகிரி வந்தார். தொட்டியைப் பார்க்க வந்த மனுஷர் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சின்ன அறையின் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, சௌக்கியமா என்று கேட்கவில்லை. ஐரினின் விரல்களைப் பார்த்தார், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெஸ்பிரேஷன் பரவால்ல. கலர்தான் போயிடுத்து" என்று லாயிடிடம் மெல்லச் சொன்னார். ஐரினுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. ஆனால் எழுந்து கதவைச் சாத்தத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாயிட் குளிக்கப் போயிருந்தான். தண்ணீர் மாற்றும் நேரத்துக்கான அலாரம் கூடத்தில் கத்திக்கொண்டே இருந்தது. தாங்க முடியாமல் ஐரின் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தொட்டியின் பக்கத்தில் லாயிடின் டேப்லட். அலாரத்தை நிறுத்தியதும் அடியில் குழுவின் பக்கம் திறந்திருந்தது, லாயிட் போட்ட படிவம்.

டேங்க்: மர்பி டவுன், ஐந்நூற்றைம்பது சதுர அடி. லைவ்ஸ்டாக்: ஒன்று, பெண், வயது முப்பத்து நாலு. உடன் இருப்பது: ஆண், ஒன்று. அறிகுறி: தின்பதில்லை, மூலையில் ஒதுங்குகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. முந்தைய இழப்பு: ஒன்று, டி.ஓ.ஏ.

அந்தக் கடைசி வரியை அவள் மூன்று தடவை படித்தாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழே நூற்றுப் பத்துப் பதில்கள். ஒருவராவது, ஒரே ஒருவராவது, இது பொம்பளையாயிற்றே என்று கேட்டிருக்க வேண்டாமா? இல்லை. 'க்யூ.டி.க்கு மாற்றுங்கள்' என்று ஒருவர். 'மூன்று நாள் பிளாக் அவுட்' என்று ஒருவர். 'உப்பு போட்டீர்களா?' 'உணவைக் குறையுங்கள், மிச்சத்தை உடனே எடுங்கள்.' 'வேறு யாரையும் கிட்டே விடாதீர்கள்.' ஒவ்வொன்றுக்கும் கீழே லாயிட் 'செய்தாயிற்று' என்று எழுதியிருந்தான். புதன்கிழமை சேஷகிரியின் தீர்ப்பு: 'நேரில் பார்த்தேன். இந்த டேங்கில் தேறாது. கைமாற்றுங்கள்.' அதற்கு நாற்பத்தேழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். கடைசியில் கிளிஃபர்ட் என்று ஒருவர், பொம்மனஹள்ளி: 'என்னிடம் ஆறடித் தொட்டி காலியாக இருக்கிறது. ஞாயிறு மூன்று மணிக்குப் பிக்கப்.' லாயிட் 'ஓகே' என்றிருந்தான்.

மணி இரண்டே முக்கால்.

துண்டோடு வந்த லாயிட் அவளையும் டேப்லட்டையும் பார்த்தான். திருட்டு முழிகூட இல்லை. "ஃபார்ம் கரெக்டாதான் இருக்கு" என்றான்.

"நான் உன் பொண்டாட்டி, லாயிட்! சர்ச் கொயர்ல என் பக்கத்துல நின்னு பாடினவன்தானே நீ? என்னை எடுத்துட்டுப் போகச் சொல்லி ஊருக்கு எழுதிருக்கே!" அவள் குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, விடு. எல்லாத்தையும் மறந்துடறேன். அவ பேரச் சொல்லு. ஒரே ஒரு தடவ. நான் எங்கயும் போகல."

அவன் முயன்றான். அதை அவள் சத்தியம் செய்து சொல்வாள். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, முயன்றான். வாய் திறந்து மூடித் திறந்தது. "டி..." என்றான். "டி.ஓ.ஏ." சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி விசும்பினான்.

வாசல் மணி அடித்தது.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, வெறும் கை. பெட்டியோ வாளியோ இல்லை. "நான் கிளிஃபர்ட். சாப்ட்டீங்களாம்மா?" என்றார்.

யாராவது இப்படி முழுசாக ஒரு வார்த்தை கேட்டு எத்தனை நாளாயிற்று! ஐரினுக்கு அழுகை பீறிட்டது. "என்னை எடுத்துட்டுப் போகவா வந்திருக்கீங்க?"

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. போஸ்ட்டப் படிச்சு மனசு கேக்கல. ஒரு பொம்பளையப் போய் அந்த ஃபார்ம்ல எழுதறதா? எங்க போணும், சொல்லுங்க."

"அல்சூர். எங்க அக்கா வீடு."

"வாங்க" என்றார்.

ஐரின் கைப்பையை எடுத்துக்கொண்டாள். லாயிட் தடுக்கவில்லை. மடித்த தாள் ஒன்றைக் கிளிஃபர்டிடம் நீட்டினான், அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டுக்கு வெளியே வெள்ளைக் கார், கண்ணாடியெல்லாம் கறுப்பு ஃபிலிம். பின்சீட்டில் உட்கார்ந்தாள். கதவு மெத்தென்று மூடியது. தெருச் சத்தம் அத்தனையும் நின்றுபோனது. உள்ளே சூடும் இல்லை, குளிரும் இல்லை. கிளிஃபர்ட் முன்னால் ஏறி, தாளைப் பின்னுக்கு நீட்டினார். "உங்களப் பத்தினதுதானே. நீங்களே படிச்சுக்கங்க."

லாயிடின் கையெழுத்து. மேலே ஆறு வரி, எல்லாம் சுருக்கங்கள், எண்கள். அவளைப் பற்றி ஒரு மனிதன் இவ்வளவு கணக்காகக் கவனித்திருக்கிறானே என்று வெறுப்போடு படித்தாள். தாளின் அடியில், பேனாவை அழுத்தி, வேறு மாதிரி எழுதியிருந்தது.

'எங்கள் மகளுக்கு மிரியம் என்று பெயர். ஐரின் அவளைப் பத்து நிமிஷம் வைத்திருந்தாள். பெட்டியைத்தான் நான் தூக்கினேன், குழந்தையைத் தூக்கவில்லை. பயந்துவிட்டேன். ஐரினுக்கு அந்தப் பெயரைக் கேட்க வேண்டும். என் வாயில் வர மாட்டேன் என்கிறது. யாராவது தயவு செய்து அவளிடம் சொல்லுங்கள்.'

"தொறங்க!" என்றாள் ஐரின். "நான் மேல போணும். கதவத் தொறங்க, சார்!" பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. நகர்ந்து மறுபக்கக் கதவை இழுத்தாள். இதுவும் திறக்கவில்லை.

கிளிஃபர்ட் வண்டியைக் கிளப்பவே இல்லை. கைக்கடிகாரத்தில் ஏதோ அழுத்தினார். "முக்கால் மணி நேரம், மா. அப்புறம் கிளம்பலாம். முன்னாடி தொறந்தா ஷாக் ஆயிடும்." குரலில் அதே அன்பு.

ஐரின் கறுப்புக் கண்ணாடி வழியே மேலே பார்த்தாள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு லாயிட் நின்றிருந்தான். கையில் ஃபோன் இல்லை. காரைப் பார்த்து வாயைத் திறந்தான். உதடுகள் ஒட்டின, பிரிந்தன, நடுவில் என்னவோ அசைந்து, கடைசியில் மறுபடி ஒட்டின. திரும்பவும் அதையே சொன்னான். கழுத்து நரம்பு தெறிக்க, எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்க்க, கத்திச் சொன்னான். உள்ளே ஒரு சத்தமும் வரவில்லை.

ஐரின் இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள்.

"தட்டாதீங்கம்மா" என்றார் கிளிஃபர்ட். "ஸ்ட்ரெஸ் ஆகும்."