வெள்ளைக்காரத் துரையின் சவர பிரஷ்

"என் கடுதாசிய என் கையிலயே குடுங்க. இனிமே பெரட்டுல கூவ வேணாம்."

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று தனுஷிகாவின் அம்மா அழகம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். தனுஷிகா அதையேதான் கேட்டாள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களுக்கு வரும் தபாலெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். காலைப் பெரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கிற நேரத்தில், பெயரைக் கூவிக் கொடுப்பார்கள். கூவினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வாய்விட்டுக் கேட்டவளின் கடிதம் மேசை இழுப்பறையின் அடிக்குப் போய்விடும் என்பது அழகம்மாவின் முப்பது வருடப் பாடம். தபால்காரரைக் கேட்டாலோ, "கதவுல நம்பர் இருந்தா கொண்டாந்து தர்றேன். நம்பரில்லாத கதவ எங்க போயித் தேடுறது?" என்பார்.

தனுஷிகா புவியியலில் பட்டம் வாங்கியவள். கூடப் படித்தவர்களுக்கு ஆசிரியர் நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் வரவில்லை.

கிளாக்கர் சுதாகரன் நிமிரவே இல்லை. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, மொட்டையாகிப்போன சவர பிரஷ் ஒன்றைக் கிடத்தி வைத்திருந்தார். இழவு வீட்டில்கூட அவர் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பங்களாவில் சமைக்கும் அழகுமுத்து, உதிர்ந்த முடியைப் பீங்கான் கோப்பையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"கடுதாசி எங்க ஓடிரப்போவுது? பன்னெண்டு மணிக்கு வெள்ளக்காரங்க வர்றாங்க, புள்ள!"

பங்களா இப்போது தோட்டம் நடத்தும் ஹோட்டல். அந்தக் காலத்துத் துரை முகம் மழித்த பிரஷ் என்று அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆசைப்பட்ட விருந்தாளிக்கு அதாலேயே நுரை தடவிவிடுவார்கள். பெட்டிமேல் பித்தளைத் தகடு: 'இலக்கம் 1'.

"என்ன முடி இது?" என்றாள் தனுஷிகா.

"சீமக் கரடி முடி" என்றார் அழகுமுத்து, சாமி பெயரைச் சொல்வதுபோல. "ஒருக்கா நம்ம ஆட்டு முடிய வச்சுப் பாத்தோம். அந்த வெள்ளக்காரன் நானுஓயாவுல ரயிலேறுற வரைக்கும் தும்முனான்."

"பட்டதாரின்னு பேரு எடுத்தியே, இத ஒட்டிக் குடு" என்றார் சுதாகரன். "ஒட்டுனா இழுப்பறையத் தொறக்கிறேன்."

நாலு வருசம் படித்தது செத்த துரையின் தாடிக்குத்தானா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். முடிகளைத் தட்டி நிமிர்த்தி, அடியை நூலால் இறுக்கிக் கட்டினாள். கைப்பிடிக் குழியில் பழைய பசை கட்டியாக நின்றது. கொண்டை ஊசியால் நெம்பினாள். பசையோடு, மடித்துத் திணித்த தாளொன்றும் வெளியே வந்தது.

விரித்தாள். மேலே அரசாங்க முத்திரை. நடுவே அவள் பெயர். நேர்முகத் தேர்வு போன செவ்வாய்க்கிழமையே முடிந்திருந்தது.

"போன மாசம் லேசா ஆட்டங் குடுத்துச்சு" என்றார் சுதாகரன். "முட்டுக் குடுக்கக் கெட்டிப் பேப்பர் வேணுமின்னு வச்சோம். பேரப் பாக்கல."

"பாத்தோமே!" என்றார் அழகுமுத்து. "படிச்ச புள்ள பேப்பரு, நல்லா தாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சுதாகரன் அவரை முறைத்தார். பிறகு தனுஷிகாவைப் பார்த்து இளித்தார். "சரி விடு. தொர பிரஷ்ஷுக்குள்ள ஒரு மாசம் ஒம் பேரு இருந்திருக்கு. லயத்துல வேற எவளுக்குக் கெடச்சுது இந்தப் பெரும?"

அவள் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். குழியில் பசை விட்டு, முடிக்கட்டை அழுத்தி உட்கார வைத்து, இறுகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். ஒரு முடிகூட உதிரவில்லை.

"கெட்டிக்காரி!" என்று சுதாகரன் கையை நீட்டினார்.

தனுஷிகா பிரஷ்ஷோடு அந்தக் கையைத் தாண்டிப்போய், பங்களாப் படிக்கு அடிக்க வாங்கி மூலையில் வைத்திருந்த வெள்ளைப் பெயிண்ட் டின்னைத் தூக்கினாள்.

"அது எதுக்கு?"

"கதவுக்கு நம்பர் போட."

"நம்பரெல்லாம் தோட்டந்தான் போடணும்!"

"பிரஷ்ஷுக்குப் போட்டீங்கதானே? அதுவே போயி எங்களுக்குப் போடும்."

"ஐயையோ, பெயிண்ட்ல முக்குனா வெறச்சுப் போயிரும்!" அழகுமுத்து கோப்பையைத் தவறவிட்டார்.

"வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கத்தினார் சுதாகரன்.

"பெரட்டுல கூவிச் சொல்லுங்க."

லயத்தில் இருபத்து நான்கு கதவுகள். எந்தக் கதவில் 'இலக்கம் 1' போடுவது என்பதை, ஆபீஸ் படி இறங்குவதற்கு முன்பே அவள் முடிவு செய்திருந்தாள்.