குளம் இருந்த இடத்தில் ஒரு கல்

பெக்கோ இயந்திரத்தின் வாளி கடைசி வரம்பின் தலையைச் சீவி, மண்ணைக் குளத்துக்குள் தள்ளியது. களப்புத் தண்ணீரோரம் நின்ற கொக்குகள் எழும்பிச் சற்றுத் தள்ளி இறங்கின. கரைத்தீவில் உசனார் குத்தகைக்கு எடுத்திருந்த அரசாங்கக் காணியில் ஓர் இறால் குளம் இருந்ததற்கான அடையாளம் அத்தோடு முடிந்தது.

"றொபி, அந்த மூலையில ஒரு மேடு தெரியுது," என்றார் உசனார். கைப் பொத்தான் வரைக்கும் பூட்டிய வெள்ளைச் சட்டையோடுதான் அவர் சேற்றோரம் நின்றார்.

"நானா, இது காணி. கெரம் விளையாடுற போட் இல்ல," என்று பெக்கோவில் இருந்தபடியே கத்தினான் றொபி.

"அகதியா வந்தவன் காணியக் கெடுத்துட்டுப் போனான் எண்டு ஒருத்தனும் சொல்லப்படாது. தள்ளு."

றொபி சிரித்துக்கொண்டு தள்ளினான்.

நோய் வந்து இரண்டு முறை அடுத்தடுத்து இறால் செத்து மிதந்த பிறகு உசனார் தொழிலை விட்டார். விடுவதென்றால், குத்தகை நிபந்தனைப்படி வரம்பை உடைத்துக் குளத்தை நிரப்பி, கண்டல் மரக்கன்று நட்டு, காணியை எடுத்தபோது இருந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். காணிக் கந்தோர் அதை ஏற்றுக்கொண்டால்தான் அவர்கள் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கும் வீட்டுக் காணிக்கு மகள் ஃபஹ்மியாவின் பெயரில் உரிமைப் பெமிட் கிடைக்கும். அவளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் அந்தக் குடும்பத்தில் யாரும் நிக்காஹ் முடித்து வைத்ததில்லை.

மர நிழலில் உசனாரின் மனைவி சபூரா நெய்ச்சோற்றுக்குத் தம் போட்டிருந்தாள். குளம் திறந்த அன்று சோறு கொடுத்தவர்கள் மூடுகிற அன்றும் கொடுக்கத்தான் வேண்டும் என்று கணவனிடம் அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"செத்த இறாலுக்குக் கத்தம் ஓதுறீங்களா, ராத்தா?" என்று கேட்டான் றொபி.

"உன்ட வாய்க்குத்தான் முதல்ல ஓதணும். இறங்கி வா."

வெயில் ஏறியபோது காணி உத்தியோகத்தர் நிரோஷன் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருக்கென்று வீட்டிலிருந்து ஒரு கதிரை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மட்டமான தரையையும் ஃபஹ்மியா நட்டிருந்த கண்டல் கன்றுகளையும் அவர் நின்றபடியே பார்த்தார்.

"அருமை, நானா. இப்பிடி ஒருத்தரும் செய்து தரயில்ல. சரி, நாலாவது எல்லைக்கல் எங்க?"

உசனார் றொபியைப் பார்த்தார். றொபி மேடிருந்த மூலையைப் பார்த்தான்.

"தள்ளச் சொன்னது நீங்கதான், நானா."

முதலில் சிரித்தவள் சபூரா. பிறகு அலவாங்கும் மம்பட்டியுமாக எல்லாரும் சேற்றில் இறங்கினார்கள். உசனாரும் சட்டையைக் கழற்றாமலே இறங்கினார். காலையில் பாய் விரித்ததுபோல் கிடந்த தரை எங்கும் குழிகளாயிற்று. ஃபஹ்மியாவின் அலவாங்கு 'ணங்' என்றது. "வாப்பா!" என்று அவள் போட்ட கூச்சலில் கொக்குகள் மறுபடியும் எழும்பின. கயிறு போட்டு இழுத்துக் கல்லை வெளியே எடுத்தார்கள்.

"கல் சரி," என்றார் நிரோஷன். "அது நிண்ட இடம்? சர்வேயர் வந்து நட்டாத்தான் நான் கையெழுத்துப் போடலாம்."

"அவர் எப்ப வருவார், சேர்?" என்று கேட்டாள் ஃபஹ்மியா.

"இந்த வருசம் கஷ்டந்தான், தங்கச்சி. அந்தக் குழியெல்லாத்தையும் மூடி வைங்க."

பக்கத்துக் காணியை நோக்கிக் கை நீட்டினார் உசனார். வேலிக்கு அப்பால், ஒரு கம்பனி விட்டுப்போன குளங்கள் வரிசையாக, பாசி பிடித்த தண்ணீரோடு கிடந்தன. "அங்கால?"

"அது போன வருசமே மூடின காணி எண்டு கையெழுத்தாச்சு. நாலு கல்லும் இடத்தில நிக்குது."

"தண்ணியும் நிக்குதே, சேர்!" என்றான் றொபி.

"தண்ணி என்ட வேலையில்ல, தம்பி." நிரோஷன் மோட்டார் சைக்கிளை நோக்கித் திரும்பினார்.

"சேர்," என்றார் உசனார். சேறு வழிய நேராக நிமிர்ந்து நின்றார். "எங்கட இடத்துக்கு வந்த ஆள் சாப்பிடாமப் போற வழக்கம் இல்ல."

நிரோஷன் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் சோறு வாங்கினார். சபூராவின் கைப்பக்குவத்தை மெச்சிவிட்டுப் போனார்.

ஃபஹ்மியா கல்லைக் கழுவி, றொபியையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, வெறுமையாய்க் கிடந்த கதிரையில் தூக்கி வைத்தாள். "சர்வேயர் வாற மட்டும் இவர் குந்தட்டும், வாப்பா." உசனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மம்பட்டியை எடுத்துக்கொண்டு முதல் குழியை மூடப் போனார்.

வேலிக்கு அப்பால் கம்பனிக் குளத்துக்குள் முங்கியெழுந்த ஒரு நீர்க்காகம், வெள்ளையடித்து நிமிர்ந்து நின்ற எல்லைக்கல்லில் ஏறி, சிறகை விரித்துக் காயப் போட்டது.